நாற்காலியை விட்டு இறங்கும் முன் ஒரு கேள்வியைக் கையில் எடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. தென் மாவட்டமொன்றில் சார்பு நீதிபதியாக இருக்கிறேன். 14 வருஷ சர்வீஸ். முன்பு குற்றவியல் நடுவராக இருந்த ஊர்களில் ஜீவனாம்ச மனுக்களைத்தான் அதிகம் பார்த்தேன். வாய்தா வாய்தாவாக அலைந்த பெண்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தவும், இந்தப் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கவும் ஆசை. அமெரிக்காவின் கொலராடோ மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ரெபெக்கா லவ் கோர்லிஸ், பதவியை விட்டு இறங்கி ஒரு பல்கலைக்கழகத்தில் நிறுவனம் தொடங்கியதைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. 'மாவட்ட நீதிபதி புரமோஷன் வரட்டும், அப்புறம் பேசலாம்' என்கிறார் கணவர். அம்மா அழுகிறார். நான் எப்போது இறங்கலாம்? இறங்கினால் என் அனுபவத்துக்கு வெளியே மதிப்பு இருக்குமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ராஜினாமா கடிதத்தை இப்போது எழுத வேண்டாம். வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோர்லிஸ் அம்மையார் இறங்கிய கதையை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவர் எதை விட்டார் என்பது உங்களுக்குத் தெரிகிறது. எதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார், யாரோடு இறங்கினார், எந்தக் கூரைக்குக் கீழே போய் நின்றார் என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அவர் கொலராடோவில் ஆளுநராக இருந்த ஜான் லவ்வின் மகள். ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்தார். டென்வரின் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்றில் ஆரம்பித்து, பிறகு மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிரெய்க் என்ற சின்ன ஊருக்குப் போய் வக்கீலாக இருந்தார். ஆட்டுப் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் உள்ள பகுதி அது. 1987இல் அங்கேயே மாவட்ட நீதிமன்ற நீதிபதியானார். சிவில், கிரிமினல், குடும்பம் என்று எல்லா வழக்கும் வந்து விழும் கோர்ட்டு. நம் மாவட்டங்களில் நீங்கள் பார்ப்பது போலத்தான்.

அதோடு அவர் தண்ணீர் நீதிபதியாகவும் இருந்தார். கொலராடோவில் தண்ணீர் வழக்குக்குத் தனி நீதிமன்றமே உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆற்றுப் படுகைகளை வைத்து மாநிலத்தை 7 பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர் நீதிபதியை வைத்திருக்கிறார்கள். யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முன்னுரிமை. வறட்சி வந்தால் பிந்தி வந்தவர் மடையை அடைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், 1995இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, ஒரு விதி காகிதத்தில் எப்படி இருக்கிறது, பண்ணைக்காரரின் வயலில் எப்படி இறங்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். உங்களுக்கும் அந்தக் கண் இருக்கிறது. அதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று உங்கள் கடைசிக் கேள்வி சொல்கிறது.

2006 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றத்தை விட்டு இறங்கினார். கொலராடோவில் நீதிபதிகள் 72 வயது வரை இருக்கலாம். பத்து வருஷத்துக்கு மேல் கைவசம் இருக்கும்போதே எழுந்து வந்தார். ஆனால் தனியாக வரவில்லை. டென்வர் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த டேனியல் ரிச்சி, ஜான் மோய் என்ற வழக்கறிஞர், கொலராடோ வழக்கறிஞர் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த சார்லஸ் டர்னர், இவர் என்று நால்வர் சேர்ந்து தொடங்கியதுதான் அந்த நிறுவனம். அமெரிக்கச் சட்ட அமைப்பை மேம்படுத்துவதற்கான ஆய்வு நிறுவனம், ஐ.ஏ.ஏ.எல்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். நீதிபதி ஒருவர், பல்கலைக்கழகத்தை நடத்துபவர் ஒருவர், கோர்ட்டில் நிற்பவர் ஒருவர், வக்கீல்களின் மனசு தெரிந்தவர் ஒருவர். இந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

கூரை இன்னும் முக்கியம். அவர் தனி டிரஸ்ட் எழுதி, வாடகைக்கு அறை பிடித்து, போர்டு மாட்டி ஆரம்பிக்கவில்லை. 1864இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்குள் போய் உட்கார்ந்தார். கணக்கு எழுத ஆள், நூலகம், மாணவர்கள், நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த நல்ல பெயர் எல்லாம் முதல் நாளே அங்கே இருந்தன. நம் ஊரில் நல்ல மனசோடு தொடங்கிய எத்தனையோ அறக்கட்டளைகள் மூன்றாவது வருஷம் ஆடிட்டர் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். நான் அறங்காவலராக இருந்த ஒரு சின்ன டிரஸ்டும் அதில் ஒன்று.

அந்த டிரஸ்டில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெண்களின் சட்ட உரிமைகள் பற்றி அழகான துண்டுப் பிரசுரம் அச்சடித்து, ஒரு சார்பு நீதிமன்ற வராந்தாவில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒயர் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக ஓர் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், வாய்தான்னா என்ன? வக்கீலுக்குக் கட்டுற காசா?" என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அதனால் அதற்குப் பெயரே வாய்தா என்று நினைத்திருக்கிறார். ஒன்றரை வருஷமாக அந்தக் கோர்ட்டுக்கு வந்து போகிறவர். டவாலி பெயரைக் கூப்பிடுவார், இவர் உள்ளே ஓடுவார், ஒரு தேதி காதில் விழும், வெளியே வந்துவிடுவார். உள்ளே நடந்தது என்ன என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் பிரசுரத்தில் ஜீவனாம்சச் சட்டப் பிரிவு முழுசாக இருந்தது. வாய்தா என்றால் என்ன என்பது இல்லை. அவருக்கு எது தேவை என்று அவரிடம் கேட்காமலே அச்சடித்துவிட்டோம்.

இந்த இடத்தில் இன்னொரு நீதிபதியைச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் லெபன், கான்சாஸ் மாநிலத்தவர். 1993 முதல் விசாரணை நீதிபதி, 2007 முதல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 2020இல் பதவியை விட்டு மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி சட்டக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அவர் பேர் நிலைத்தது 2007இல், மினியாபொலிஸ் நீதிபதி கெவின் பர்க்கோடு சேர்ந்து அமெரிக்க நீதிபதிகள் சங்கத்துக்காக எழுதிய ஓர் அறிக்கையால். வழக்கில் தோற்றவர்கூட, தன் பேச்சைக் கேட்டார்கள், மரியாதையாக நடத்தினார்கள், ஏன் இப்படித் தீர்ப்பானது என்று புரியச் சொன்னார்கள் என்றால் அதை ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் அதன் சாரம். சமூக உளவியல் ஆய்வுகள் முன்பே காட்டியிருந்ததை நீதிபதிகளின் மொழியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒயர் கூடை அம்மாவின் கேள்விக்கு அந்த அறிக்கையில் பதில் இருக்கிறது. லெபன் அதை எழுதியது பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது. கல்லூரிக்குள் நுழைவதற்கு 13 வருஷம் முன்பே அவருடைய வேலை தொடங்கிவிட்டது.

மறுபடி கோர்லிஸுக்கு வருகிறேன். ஆசனத்தில் இருக்கும்போது நீங்கள் சொன்னால் நடக்கும். உத்தரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அமீனா போய் நிறைவேற்றுவார். வெளியே வந்துவிட்டால் உங்கள் சொல் யாரையும் கட்டுப்படுத்தாது. முன்னாள் நீதிபதி என்று மேடையில் சால்வை போர்த்துவார்கள். நீங்கள் சொன்னதைச் செய்ய மாட்டார்கள். கோர்லிஸின் நிறுவனம் இதற்குக் கண்ட வழி, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. 2012 ஜனவரியில் டென்வரைச் சுற்றியுள்ள நீதிமன்றங்களில் வணிக வழக்குகளுக்கு மட்டும் புதிய நடைமுறை விதிகளைச் சோதனைக்கு விட்டார்கள். ஆவணங்களை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும், ஒரு வழக்கை ஒரே நீதிபதி முதலிலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டும், அவகாசம் சுலபமாகக் கிடைக்காது என்கிற மாதிரியான விதிகள். சோதனையை அனுமதித்தது மாநில உச்ச நீதிமன்றம். வழக்குகளை எண்ணி, பழைய முறையோடு ஒப்பிட்டு, எத்தனை நாள் மிச்சமானது என்று பார்த்துச் சொன்னது ஐ.ஏ.ஏ.எல்.எஸ். 2015 ஜூலையில் கொலராடோ முழுவதும் சிவில் நடைமுறை விதிகள் திருத்தப்பட்டன. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இல்லாத ஒரு நிறுவனம் இதில் கை கொடுத்தது என்றால், அதற்குக் காரணம் அந்தக் கணக்கு.

உங்கள் மனசுக்கு இன்னும் பிடிக்கப்போவது 2013இல் அவர்கள் டென்வர் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய மையம். பிரிந்து வாழப்போகும், விவாகரத்துக்குப் போகும் குடும்பங்களுக்கானது. சட்டம், உளவியல், சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே குடும்பத்துக்கு உதவினார்கள். பணக் கணக்கு, பிள்ளைகளின் பொறுப்பு, மனசின் காயம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேச முடிந்தது. முறை நிலைத்த பிறகு, 2015இல் அதை வளாகத்துக்கு வெளியே ஊருக்குள் தனி அமைப்பாகக் கொண்டுபோனார்கள். முதலில் கூரைக்குள் வளர்த்து, பிறகு தனியாக நடக்க விட்டார்கள். நீங்கள் கனவு காணும் அறக்கட்டளைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

எல்லா நீதிபதியும் இப்படித் தானாக இறங்குவதில்லை. டென்னஸி மாநில உச்ச நீதிமன்றத்தில் இருந்த பென்னி ஒயிட், 1996இல் வாக்காளர்களால் இறக்கப்பட்டார். அங்கே நீதிபதி தொடரலாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள். ஒரு மரண தண்டனையை ரத்து செய்து மறுபடி தண்டனை விசாரணைக்கு அனுப்பிய தீர்ப்பில் அவரும் சேர்ந்திருந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்புப் பிரசாரம் நடந்தது. பிறகு டென்னஸி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தினார். நாளைக் குறிக்கும் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

இனி நம் ஊர் நடைமுறை.

அரசு ஊழியர் அடிப்படை விதிகளின்படி 50 வயது நிறைந்தால், அல்லது தகுதியுள்ள பணிக்காலம் 20 வருஷம் முடிந்தால், 3 மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். உங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், இன்னும் 6 வருஷத்தில் வருகின்றன. ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. ராஜினாமா செய்தால் பழைய சர்வீஸ் கணக்கிலிருந்தே போய்விடும். எந்த ஓய்வூதியத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து வக்கீல் தொழிலும் செய்யலாம் என்று நினைத்தால், பணியிலிருந்து வெளியே வந்த நீதிபதிகளுக்குப் பார் கவுன்சில் விதிகள் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளையும் மனசில் வையுங்கள்.

பாடம் நடத்தும் விஷயத்தில் உங்கள் கடிதம் எம்.எல். பட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். பதினான்கு வருஷம் தீர்ப்பு எழுதினேன் என்பது அந்தக் கட்டத்தில் எண்ணிக்கைக்கு வராது. இன்னொரு வாசல் 2022இல் திறந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வகையை அனுமதித்திருக்கிறது. தொழிலில் உயர் நிலையில் 15 வருஷ அனுபவம் உள்ளவரைப் பட்டத் தகுதி கேட்காமலே எடுக்கலாம். ஆனால் 3 வருஷம்தான், மிஞ்சிப்போனால் 4. அதை நம்பி வீட்டுக் கடன் கட்ட முடியாது. ஆகவே மாலையில் ஒரு மணி நேரம் நெட் பாடத்துக்கு ஒதுக்குங்கள். படிக்காமல் நேரே போய்விடலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வகுப்பறை பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷத்துக்கு மேல் சட்டக் கல்லூரியில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சிறப்பு வகுப்பு எடுக்க வந்தார். நல்ல மனிதர், ஆழமான படிப்பு. ஒரு பையன் எழுந்து அவர் சொன்னதை மறுத்துக் கேட்டான். அவர் பழக்கதோஷத்தில் "ஓவர்ரூல்டு, உட்கார்" என்றார். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கை உயரவில்லை. ஆசனத்தில் பேச்சை நிறுத்துவது திறமை. வகுப்பில் பேச்சைக் கிளப்புவது திறமை. உங்களால் முடியும், பழக வேண்டும். வெளியான தீர்ப்பு ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கங்களை உருவிவிட்டு, "நீங்கள் நீதிபதி, உத்தரவு எழுதுங்கள்" என்று மாணவர்களிடம் கொடுங்கள். இரு தரப்பும் நியாயமாகத் தெரியும்போது பேனா எப்படித் தயங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைப் போல வாழ்நாள் முழுக்க வாத்தியாராக இருந்தவனுக்கு அது புத்தகத்தில்தான் தெரியும். ஐ.ஏ.ஏ.எல்.எஸ். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 24,000க்கு மேற்பட்ட வக்கீல்களிடம், புதிதாக வருபவருக்கு முதல் நாளே என்ன வேண்டும் என்று கேட்டு 2016இல் வெளியிட்டது. முன்னால் நின்றவை ரகசியம் காப்பது, நேரத்துக்கு வருவது, சொன்ன சொல்லைக் காப்பது, மரியாதையாக நடப்பது போன்றவை. இவற்றை ஒவ்வொரு நாளும் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள்.

பதவியை விடாமலே இரண்டையும் ருசி பார்க்க வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலர் பணி உங்கள் நிலையில் உள்ளவர்களுக்குத்தான் வருகிறது. பலர் அதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள். முகாம் நடத்துவது, தன்னார்வலர்களை மேய்ப்பது, பட்ஜெட் போடுவது, கலெக்டர் ஆபீஸில் ஒரு கையெழுத்துக்கு நாலு முறை நடப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம். அறக்கட்டளை நடத்துவதில் முக்கால்வாசி அதுதான். அடுத்து, மாநில நீதித்துறைப் பயிற்சியகம். சென்னையிலும், மதுரை, கோவை மண்டல மையங்களிலும் வகுப்பு எடுக்க வாய்ப்புக் கேளுங்கள். இளம் நீதிபதிகள் முன் நின்று பார்த்தால், பாடம் நடத்துவது பிடிக்கிறதா, பாடம் நடத்தும் கனவு பிடிக்கிறதா என்று ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும்.

பணியில் இருக்கும்வரை அறக்கட்டளைக்காக ஒரு ரூபாய் வசூலிக்காதீர்கள். நண்பர்களை வைத்தும் வேண்டாம். நடத்தை விதி ஒரு பக்கம். தன் முன் வழக்கு நடத்தும் வக்கீலிடமிருந்து வரும் நன்கொடை எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளிநாட்டு நிதியை இப்போதே மறந்துவிடுங்கள். நீதிபதிகளும் அரசு ஊழியர்களும் வாங்கவே கூடாது. பிறகு அமைப்பு தொடங்கினாலும், 3 வருஷம் இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்டிய பிறகுதான் வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான பதிவுக்கே விண்ணப்பிக்க முடியும்.

இப்போது உங்கள் கேள்வியை எடுங்கள். 'பெண்கள் அலைகிறார்கள்' என்பது வேதனை, கேள்வி இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நோட்டீஸ் சார்பான, அதாவது எதிர்த் தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்கச் சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கும் பிரிவும் அதே 60 நாளைத்தான் சொல்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் இரு தரப்பும் சொத்து, வருமான உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அளவுகோல் கையில் இருக்கிறது. 60 நாள் ஏன் 600 நாள் ஆகிறது? நோட்டீஸ் சார்பாகாமல் போவதாலா, பத்திரம் தாக்கல் ஆகாததாலா, வக்கீல் வராததாலா, நீதிபதி மாறுவதாலா? இது கேள்வி. இதற்கு எண்ணோடு பதில் வைத்திருப்பவரைச் சட்டக் கல்லூரியும் தேடும், உயர் நீதிமன்றக் குழுவும் கூப்பிடும். வெளியே உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டீர்களே, அந்த எண்ணில்தான் இருக்கும்.

புரமோஷனைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வதோடு எனக்குப் பாதி உடன்பாடு. காத்திருங்கள், ஆனால் பட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மாவட்ட நீதிபதியானால் குடும்ப நல நீதிமன்றம் கிடைக்கலாம். உங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்தக் காரணத்தை அவரிடம் சொல்லுங்கள், 6 வருஷக் கணக்கையும் காட்டுங்கள். எதிர்த்து நிற்கிறார் என்று நீங்கள் நினைப்பவர் முதல் அறங்காவலராகக்கூட வரலாம். அம்மாவைத் தேற்றுவது சுலபம். அவருக்கு மகளின் வேலை போய்விடுமோ என்ற பயம். இப்போது போகவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய வழக்கு விவரங்களை மட்டும் எடுத்து, பெயர் எதையும் எழுதாமல், முடிந்துபோன 100 இடைக்கால ஜீவனாம்ச மனுக்களுக்கு வரிசை போடுங்கள். தாக்கலான தேதி, நோட்டீஸ் சார்பான தேதி, எத்தனை வாய்தா, ஒவ்வொன்றும் எதற்காக, உத்தரவான தேதி. கோர்ட்டுக் கட்டு எதுவும் வீட்டுக்கு வர வேண்டாம். ஆய்வாக வெளியிடும் நிலை வந்தால் உயர் நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு 8 மனு பார்த்தால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். முடித்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டலாம், கூட யாரை அழைத்துப் போகலாம் என்று அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.